சம்பளமில்லாத சாக்கர் கோச்: டர்பன் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் வளர்ந்தவனுக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? தெருவிலும் கிரிக்கெட், டிவியிலும் கிரிக்கெட். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, அங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் வீடு பிடித்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை மகனைப் பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். பதினான்கு பையன்கள், இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பந்து. கோச் மட்டும் இல்லை. பழையவர் வேலை மாறி ஜோகன்னஸ்பர்க் போய்விட்டாராம். கமிட்டியில் இருந்த ஒரு அங்கிள் என் பக்கம் திரும்பி, சும்மாதானே நிற்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு விசிலை நீட்டினார். நானும் வாங்கிவிட்டேன். ஆறு வருஷம் ஆகிறது.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கும் மாட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆட்டம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தேவையான அளவு ஆட்டத்தை நீங்கள் இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த வருஷம் ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த மார்ச்சில் புது சீசனுக்குத் திரும்பி வருகிறார்கள்? கோப்பை வந்தால் சந்தோஷம். ஆனால் கோப்பை ஜெயித்துவிட்டுப் பாதிப் பிள்ளைகளை இழந்த அணிகளைப் பார்த்திருக்கிறேன்.

மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம்மைப் போல் ஊரிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கால்பந்து இங்கே இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் பழைய சொத்து. தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்து சங்கம் 1903-லேயே தொடங்கிவிட்டது. நிறவெறிக் காலத்தில் டர்பனின் கரீஸ் ஃபவுன்டன் மைதானம், இனப் பிரிவினையை ஏற்காத விளையாட்டின் கோட்டையாக இருந்தது. 1996-97-இல் நாட்டின் புதிய பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கியபோது முதல் பட்டத்தை வென்றது மேனிங் ரேஞ்சர்ஸ், நம்ம சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்தில் ஆடிய அணி. உங்கள் அணிப் பையனின் தாத்தாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு எங்கும் நகர முடியாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சாட்ஸ்வர்த்தே 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் உருவான ஊர். இந்தியர்களை ஒரு பக்கம், கறுப்பின மக்களை உம்லாஸியில் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த கோடுகள் சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டாலும் தரையில் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமை மைதானம் அந்தக் கோட்டைத் தாண்டும் சில இடங்களில் ஒன்று. என் அணியில் பாதிப் பேர் வீட்டில் ஜூலு பேசுகிறவர்கள். தமிழ்ப் பெயர் வைத்த பிள்ளைகளும் ஆங்கிலம்தான் பேசுவார்கள். தமிழ் அவர்கள் வீட்டில் கோயிலிலும் சமையலறையிலும் மிச்சம் இருக்கிறது. அதனால் பயிற்சி ஆங்கிலத்தில்தான். ஆனால் "வோஸா" (வா), "ஷேஷா" (சீக்கிரம்) என்ற இரண்டு ஜூலு சொற்களை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். கோல் விழுந்தால் "லடூமா!" என்று கத்துவார்கள். இடி முழங்கிற்று என்று பொருள். ஜூலு பிள்ளைகள் சிலர் என்னை "மாலூமே" என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் அண்ணன் தம்பிக்கான சொல் அது, அதாவது நம் தாய்மாமன். அதைக் கேட்ட அன்று எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது.

படி 1: கிளப்பைப் பிடிப்பது

தனியாக அணி தொடங்காதீர்கள், முதல் வருஷம் வேண்டவே வேண்டாம். இருக்கும் கிளப் ஒன்றில் உதவிக் கோச்சாகச் சேருங்கள். கிளப் உள்ளூர்க் கால்பந்து சங்கத்தில் பதிவாகியிருக்கும், உள்ளூர்ச் சங்கம் மண்டலத்தின் கீழ் வரும், எல்லாவற்றுக்கும் மேலே சாஃபா எனப்படும் தென்னாப்பிரிக்கக் கால்பந்து சங்கம். சேரும் முன் இரண்டு மாலைகள் வேலியோரம் நின்று பாருங்கள். கோச் பிள்ளையைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறாரா? கழிப்பறை திறந்திருக்கிறதா? ஆட்டம் முடிந்ததும் பெரியவர்கள் அங்கேயே பியர் திறக்கிறார்களா? இந்த மூன்றும் கமிட்டிக் கூட்டத்தில் தெரியவராத விஷயங்கள்.

படி 2: காகிதங்கள்

"நல்ல மனுஷன், எனக்குத் தெரிந்தவர்" என்பது பிள்ளைகளோடு வேலை செய்யப் போதாது. கிளப் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

முதலாவது, 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின்படி வைத்திருக்கும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு. அதன் பி பகுதியில் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் இருக்கும். உங்கள் பெயர் அதில் இல்லை என்று உறுதிப்படுத்திக் கேட்கும் விண்ணப்பம்தான் படிவம் 30. சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்றிதழ், இது நீதித்துறையிடமிருந்து. மூன்றாவது, காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ். காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்றும் ஒரே வாரத்தில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மார்ச்சில் சீசன் என்றால் டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட் நகலுக்குச் சான்றொப்பம் காவல் நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுத் தருவார்கள். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

படி 3: படிப்பு

சாஃபா நடத்தும் அறிமுகப் பயிற்சியும் அதற்கு அடுத்த டி உரிமமும் தன்னார்வலருக்குத் தாராளம். அதற்கு மேல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ என்று போகிறது, அது தொழிலாக எடுப்பவர்களுக்கு. இடம் எப்போது கிடைக்கும் என்று மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள். கூடவே ஒரு முதலுதவிப் பயிற்சி. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் முதலுதவியை முதலில் முடியுங்கள்.

படி 4: மூட்டை முடிச்சு

பந்தின் அளவு முக்கியம். எட்டு வயதுக்குக் கீழ் 3-ஆம் எண், அதிலிருந்து பன்னிரண்டு வரை 4-ஆம் எண், பதின்மூன்றிலிருந்து 5-ஆம் எண். சின்னப் பிள்ளைக்கு 5-ஆம் எண் பந்தைக் கொடுத்தால் உதைக்கவே பயப்படும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்தாவது இருக்க வேண்டும், ஆளுக்கொன்று இருந்தால் இன்னும் நல்லது. கோன்கள், அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் மாட்டும் பிப் இரண்டு நிறத்தில், காற்றடிக்கும் பம்பு, அதற்கு மூன்று ஊசி (ஒன்று தொலையும், ஒன்று உடையும்). ஷின் பேட் (முன்காலைக் காக்கும் தகடு) இல்லாமல் யாரையும் ஆட்டத்தில் இறக்காதீர்கள். பூட்ஸ் இல்லாத பிள்ளை பயிற்சிக்கு டேக்கீஸ் (சாதாரண கான்வாஸ் ஷூ) போட்டு வரட்டும்.

மைதானத்துக்குப் போனதும் முதல் வேலை கோல் கம்பத்தை அசைத்துப் பார்ப்பது. தரையில் கட்டப்படாத கம்பம் சாய்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஆடுகிற கம்பத்துக்கு மணல் மூட்டை, அதுவும் இல்லையா, அன்றைக்குக் கோன்தான் கோல். அப்புறம் ஒரு முறை மைதானம் முழுக்க நடந்து உடைந்த பாட்டில் பொறுக்குங்கள். வெள்ளி இரவு யாரோ குடித்தது சனிக்கிழமை காலை உங்கள் வேலை.

படி 5: பெற்றோர் கூட்டம்

முதல் பயிற்சிக்கு முன் அரை மணி நேரம் போதும். மூன்று விஷயம் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய சம நேரம் ஆடுவார்கள். வெளியிலிருந்து கைதட்டலாம், "பாஸ் பண்ணு, அடி" என்று கத்தக் கூடாது. புகார் இருந்தால் ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழித்து பேசலாம். மூன்றாவது விதி என்னைப் பல சண்டைகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பாதிக் கோபம் பிரியாணியோடு செரித்துவிடும்.

அன்றைக்கே ஒரு தாளில் ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு, அவசர போன் எண், பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்பதை எழுதி வாங்குங்கள். புகைப்படம் எடுத்து வெளியிடலாமா என்று கையெழுத்தும் வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழு அமலில் இருக்கிறது. பிள்ளையின் படத்தை நீங்கள் பாட்டுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட முடியாது. லீக் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகலும் தேவை. வயதைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் இங்கேயும் உண்டு. "இவன் கொஞ்சம் உயரம்தான், வயசு பதினொன்றுதான்" என்று வருபவரிடம் சிரித்துக்கொண்டே சான்றிதழைக் கேளுங்கள்.

படி 6: பயிற்சி

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். முதல் வருஷம் நான் செய்த தப்பு வரிசை. பதினாறு பிள்ளைகளைக் கோலுக்கு முன் வரிசையில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக உதைக்கச் சொன்னேன். பார்க்க ஒழுங்காக இருந்தது, பெற்றோருக்கும் பிடித்தது. ஒருநாள் வீட்டில் கணக்குப் போட்டேன். ஒரு உதைக்குப் பத்து விநாடி. பதினாறு பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 160 விநாடி. பதினைந்து நிமிஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு உதை. மிச்ச நேரம் முழுக்க முன்னால் நிற்பவனைக் கிள்ளுவதும் புல்லைப் பிடுங்குவதும்தான். ரேஷன் கடை க்யூவில் நிற்கவா அவன் சனிக்கிழமை காலை எழுந்து வந்தான்? அன்றிலிருந்து என் பயிற்சியில் வரிசை கிடையாது.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். பிள்ளை வந்ததும் கையில் பந்தைக் கொடுங்கள். எல்லோரும் வரும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். அடுத்து பத்துப் பதினைந்து நிமிஷம் உடம்பைச் சூடாக்குவது. இதற்கு ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ் என்ற பயிற்சித் தொகுப்பு இருக்கிறது, 7 முதல் 13 வயது வரைக்கானது. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்குவது, சரியாக விழக் கற்பது என்று ஏழு பயிற்சிகள். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. சோம்பல் படாமல் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

அதன் பிறகு ஒரு விளையாட்டு. நான் அதிகம் நம்புவது கிளித்தட்டை. சின்ன வயதில் எல்லோரும் ஆடியதுதான்: தரையில் குறுக்குக் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் ஒரு காவல்காரன், அவன் கோட்டை விட்டு நகரக் கூடாது, மற்றவர்கள் தொடப்படாமல் தாண்ட வேண்டும். அதே ஆட்டத்தில் தாண்டுகிறவர்கள் காலில் பந்தைக் கொடுங்கள். காவல்காரன் பந்தைத் தட்டிவிட்டால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மூன்று கோடு போட்டால் போதும். தலையை நிமிர்த்தி இடைவெளி பார்ப்பது, வேகத்தை மாற்றுவது, தோளால் ஏமாற்றுவது எல்லாம் தானாக வரும். இதைத் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்கக் கோச்சுகள் எத்தனை வரைபடம் போடுகிறார்கள்! எங்கள் பிள்ளைகள் இதை "கிளி" என்றே கேட்டு வாங்குவார்கள். ஜூலு பேசும் பையன் "கோச், கிளி!" என்று கத்தினபோது, பேரனைக் கூட்டிவந்திருந்த ஒரு ஆயா, "ஏன்ப்பா, இது நாங்க பாரக்ஸ்ல ஆடினதாச்சே" என்று என்னிடம் தமிழில் சொன்னார். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பைத்தான் பாரக்ஸ் என்கிறார்.

அடுத்து நாலு பேர் வட்டமாக நின்று பந்தைக் கடத்த, நடுவில் ஒருவர் பறிக்கும் ஆட்டம். பறிக்க முடியாமல் திணறும் பிள்ளையை ஒரு நிமிஷத்துக்கு மேல் நடுவில் விடாதீர்கள். கடைசி இருபது நிமிஷம் நாலுக்கு நாலு உண்மையான ஆட்டம், இரண்டு மைதானமாகப் பிரித்து. அந்த நேரம் நீங்கள் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எனக்கு இன்னும் அது கஷ்டம்தான்.

திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரே விஷயம். உள்பக்கக் காலால் பாஸ் என்றால் அன்று முழுக்க அதுதான். த்ரோ-இன் தப்பாகப் போட்டாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தலையால் முட்டுவதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் 2020-இல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் அதை நிறுத்தச் சொன்னது. அமெரிக்காவில் அதற்கு முன்பே பத்து வயது வரை தடை வந்துவிட்டது. மூளை வளரும் வயது, அவசரம் என்ன?

ஒரு வார்த்தை பெண் பிள்ளைகளைப் பற்றி. 2022-இல் பன்யானா பன்யானா, அதாவது தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணி, பெண்களுக்கான ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற பிறகு கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். உடை மாற்றப் பூட்டுள்ள அறையும் கூட ஒரு பெண் உதவியாளரும் இருந்தால் தங்குவார்கள்.

படி 7: ஆட்ட நாள்

சம நேரம் என்று சொல்லிவிட்டு ஆட்டச் சூட்டில் மறந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். அதனால் முந்தின இரவே தாளில் போட்டுவிடுங்கள். பன்னிரண்டு பிள்ளைகள், ஏழு பேர் ஆட்டம், நாற்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷமாக நாலு துண்டு. மொத்தம் 28 இடம். ஆளுக்கு இரண்டு துண்டு போக நாலு இடம் மிஞ்சும். அந்த நாலை இந்த வாரம் நாலு பேருக்கு, அடுத்த வாரம் வேறு நாலு பேருக்கு. தாளைப் பெஞ்சில் ஒட்டிவிடுங்கள். ஒன்றுக்கு ஒன்று சமநிலையில் கடைசித் துண்டு வரும்போது உங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் வெளியே இருப்பான், பெற்றோர் உங்களையே பார்ப்பார்கள். தாள்படி நடங்கள். கோல்கீப்பரையும் சுற்றில் விடுங்கள். பத்து வயதில் ஒருவனை நிரந்தர கோல்கீப்பர் ஆக்குவது, குண்டாக இருக்கிறான் என்பதற்காக, எனக்குப் பிடிக்காத பழக்கம்.

நடுவர் பெரும்பாலும் பதினேழு வயதுப் பையனாக இருப்பான். தப்பான தீர்ப்பு கொடுப்பான். ஆட்டம் முடிந்ததும் போய்க் கை கொடுங்கள், பிள்ளைகள் பார்க்கும்படி. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு பிரசங்கம் வேண்டாம். ஆரஞ்சுச் சுளையைக் கொடுத்து அடுத்த பயிற்சி எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

படி 8: அடி, மின்னல், இருட்டு

தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை தடுமாறினால், தலைவலி என்றால், கேள்விக்கு மெதுவாகப் பதில் சொன்னால், அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. "நல்லாயிருக்கேன் கோச்" என்று அழுதாலும் சரி, அப்பா வற்புறுத்தினாலும் சரி. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் திரும்ப வரலாம். வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் காத்திருக்காமல் மருத்துவமனை.

டர்பனில் பிப்ரவரி, மார்ச் மாலைகளில் இடி வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே நிறுத்தி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ பிள்ளைகளை ஏற்றுங்கள், மரத்தடிக்குப் போகக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆன பிறகே மைதானம்.

ஜூன் மாதம் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும். முதல் வருஷம் அப்படி ஒரு மாலை, ஒரு பையனை அழைத்துப் போக யாரும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் பாட்டுக்கு அவனை என் காரில் ஏற்றி வீட்டில் விட்டுவிட்டேன். உதவிதானே என்று நினைத்தேன். மறுநாள் கமிட்டி அங்கிள் தனியாகக் கூப்பிட்டு, கோபப்படாமல் சொன்னார்: நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து விதி இது: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு காரிலோ அறையிலோ தனியாக இருக்கக் கூடாது. கடைசிப் பிள்ளை போகும்வரை இரண்டு பெரியவர்கள் மைதானத்தில் நிற்பார்கள். பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும்தான்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து வீட்டிலோ வேறெங்கோ தனக்கு நடப்பதைச் சொன்னால், நீங்கள் துப்பறிய வேண்டாம். கேளுங்கள், நம்புங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் உடனே சொல்வது இந்த நாட்டில் சட்டக் கடமை. சைல்ட்லைன் எண் 116, கட்டணமில்லை. மானம் போய்விடும், குடும்ப விஷயம் என்று நம் ஆட்கள் அமுக்கப் பார்ப்பார்கள். அமுக்க விடாதீர்கள்.

படி 9: நாள்காட்டியும் காசும்

சீசன் அட்டவணை போடும்போது பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வையுங்கள். புனித வெள்ளியன்று ஆட்டம் வைத்தால் பாதி அணி இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் இருக்கும். பங்குனி உத்திரக் காவடி, ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகள், முஸ்லிம் பிள்ளைகளுக்கு ரமலான் நோன்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விரதம் இருக்கும் பிள்ளையைக் கடும் ஓட்டத்தில் விடாதீர்கள்.

பணம் திரட்டச் சிறந்த வழி இங்கே பிரியாணி விற்பதுதான், பானை பானையாகப் போகும். ஆனால் புரட்டாசியில் முயற்சி செய்யாதீர்கள். இங்கே தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும், கோழி அப்படியே மிஞ்சும். செப்டம்பர் கடைசியில் பரிசளிப்பு விழா வந்தால் பீன்ஸ் பன்னி (குடைந்த பிரெட்டுக்குள் பீன்ஸ் கறி) செய்துவிடுங்கள், யாருக்கும் மறுப்பு இருக்காது. பணத்தை ஒருபோதும் நீங்கள் கையில் வாங்க வேண்டாம். பொருளாளர் ஒருவர், ரசீதுப் புத்தகம் ஒன்று, கோச் எட்டி நிற்கட்டும்.

படி 10: பிப்ரவரி

பிப்ரவரி கடைசி வாரம் போன வருஷப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதாது. வரவில்லை என்பவர்களிடம் ஏன் என்று கேளுங்கள். ஆட்டம் பிடிக்கவில்லை என்பது அபூர்வம். டாக்ஸிக்குக் காசு, அக்கா வேலைக்குப் போய்விட்டாள் அதனால் கூட்டிவர ஆளில்லை, இல்லையென்றால் பூட்ஸ். ஒரே வருஷத்தில் காலுக்கு இரண்டு அளவு கூடியிருக்கும், புதிது வாங்க வழியிருக்காது, வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். எங்கள் கிளப் அறையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. சிறிதாகிப் போன பூட்ஸை அதில் போட்டுவிட்டு அடுத்த அளவை எடுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். போன் செய்ய உட்காரும்போது அந்தப் பெட்டியைத் திறந்து, எந்த அளவில் எத்தனை ஜோடி இருக்கிறது என்று எண்ணி எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.